குருவி வீட்டில் நாற்பத்தொரு நிமிஷம்

என் வேலையே இல்லாததை இல்லைன்னு சொல்றதுதான், அதை முதல்ல புரிஞ்சுக்குங்க. கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்ல, நடுவுல ஒன்னும் கிடையாது. எஸ்டேட்ல யாராச்சும் பின்னால இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்காதன்னு அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க, நான் வேணும்னே திரும்பிப் பார்ப்பேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், அது வேற, ஆனா பேய் பிசாசு ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து போய் காப்பி கலக்குற ஆள் நான். அதனால நீங்க இப்ப என்னைப் பார்க்குற மாதிரிதான் நானும் மத்தவங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பரவால்ல, பாருங்க.

செல்வம் அண்ணனும் நானும் ஒம்பது வருஷம் சேர்ந்து வேலை செஞ்சோம். குருவி வீட்டு வேலை. தஞ்சோங் காராங்ல இருந்து வடக்கே போற ரோட்ல ஜன்னலே இல்லாத மூனு மாடிக் கட்டடம் நிறைய நிக்கும் பார்த்திருப்பீங்க, உள்ள ஆள் இருக்காது, குருவிதான் இருக்கும், அந்தக் கூட்டைத்தான் சீனவங்க சூப்பு வைக்கிறது. குருவி வரணும்னா குருவி சத்தம் போட்டுக்கிட்டே இருக்கணும், காலையில இருந்து ராத்திரி வரைக்கும், ஸ்பீக்கர்ல. ஏணி ஏறி ஸ்பீக்கர் மாட்டுறது, ஒயர் இழுக்குறது அண்ணன் வேலை. அந்தச் சத்தத்தைப் போடுற கம்ப்யூட்டர் டப்பா என் வேலை. அண்ணன் கெர்லிங் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவரு, அம்பத்திரண்டு வயசு, உடம்பு அம்பத்திரண்டு மாதிரியே இருக்காது, ஏணியில ஏறிக்கிட்டே என்கிட்ட வம்பளப்பாரு. "தங்கச்சி, நீ ஒக்காந்த எடத்துல தட்டுற, நான் தொங்கிக்கிட்டு தட்டுறேன், ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமா லா?" அப்படின்னு.

இந்தக் கதைக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சா போதும், கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் புரியும். அந்த டப்பாவுல ஓடுறது விண்டோஸ் இல்ல, யூனிக்ஸ் மாதிரி ஒன்னு. எல்லாமே ஒரு சின்ன கார்டுல இருக்கும். குருவி எச்சத்து நாத்தம், ஈரம், அடிக்கடி கரண்ட் கட்டு, இதுல கார்டுல எழுதிக்கிட்டே இருந்தா ஆறு மாசத்துல கார்டு செத்துப்போகும். அதனால நான் கார்டைப் படிக்க மட்டும் விட்டுட்டு, எழுதுற வேலை எல்லாத்தையும் மெமரியில ஒரு பங்கை டிஸ்க் மாதிரி பிரிச்சு அதுல எழுத வச்சிருவேன். மெமரி டிஸ்க். உள்ள போய்ப் பார்த்தா நிஜ டிஸ்க் மாதிரியே இருக்கும், ஃபோல்டர் இருக்கும், ஃபைல் இருக்கும், ஆனா கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. அழிஞ்சு போச்சுன்னு கூட சொல்ல முடியாது, அப்படி ஒன்னு இருந்ததே இல்லைன்னு ஆயிடும். எனக்கு அதுல ஒரு பெருமை கூட உண்டு, சுத்தமான வேலைன்னு.

சுங்கை ஆயர் தாவார்ல ஒரு தவுக்கே, சீன முதலாளி, அவரோட குருவி வீடு. கூடு திருடறவங்க வராங்கன்னு அந்த வீட்ல மைக் வச்சிருந்தோம். குருவி சத்தம் இல்லாம வேற சத்தம் கேட்டா தானாப் பதிய ஆரம்பிக்கும், சத்தம் அடங்குற வரைக்கும் பதியும், எல்லாம் அந்த மெமரி டிஸ்க்ல. மோடம் வழியா நான் கடையில இருந்தே எடுத்துக்குவேன். அந்த மோடம் கெட்டுப்போச்சு. மாத்துறது என் வேலை. அன்னைக்குன்னு பார்த்து அம்மாவுக்கு கோல சிலாங்கூர்ல கிளினிக், சுகர் செக்கப்பு. "நீ அம்மாவப் பாரு, ஒரு மோடத்த மாட்டத் தெரியாதா எனக்கு" அப்படின்னு அண்ணன் புது மோடத்தை வாங்கிக்கிட்டுப் போனாரு.

கிளினிக்ல போனை சைலண்ட்ல போட்டு ஹேண்ட்பேக்ல வச்சிருந்தேன். நாலு மணிக்கு எடுத்துப் பார்த்தா அண்ணன் மூனு தடவை அடிச்சிருக்காரு. ரெண்டு நாப்பது, ரெண்டு நாப்பத்தொன்னு, ரெண்டு நாப்பத்தேழு. திருப்பி அடிச்சேன், எடுக்கல. அந்த வீட்டுக்குள்ள லைன் சரியா இருக்காது, அதான்னு நினைச்சேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய் சோறு ஆக்கினேன். ஆறரை மணிக்கு கேட்டைப் பூட்ட வந்த இந்தோனேசியாக்காரர்தான் அண்ணனைப் பார்த்தது. ரெண்டாவது மாடியில இருந்து கீழ. குருவி பறக்குறதுக்காக நடுவுல தளம் போடாம விட்டிருப்பாங்க, அது வழியா. மோடம் பெட்டியே பிரிக்கல. எதுக்கு மேல ஏறினாரு, எங்கிட்ட என்ன கேக்க அடிச்சாரு, இன்னைக்கும் தெரியாது.

போலிஸ் வந்து பார்த்தாங்க, என்னையும் எங்க இருந்தேன்னு கேட்டாங்க, கிளினிக் கார்டைக் காட்டினேன், சரின்னு போயிட்டாங்க. அண்ணன் வீட்ல கல்யாணி அண்ணிகிட்டப் போய் உட்காரப் போனேன். ஒம்பது வருஷமா அந்த வீட்ல கை நனைச்சிருக்கேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்து, சத்தமே இல்லாம, "நீ கிட்ட வராத" அப்படின்னாங்க. அவ்வளவுதான். என் வேலைக்குப் போய்தானே செத்தாருன்னு நினைக்கிறாங்க, நியாயம்தானேன்னு வாசல்லயே நின்னுட்டு வந்தேன்.

தகனம் முடிஞ்ச மறுநாள் மத்தியானம், கடையில சும்மா உட்கார்ந்திருக்கேன், திடீர்னு உறைச்சுது. மைக். அண்ணன் விழுந்த சத்தம் குருவி சத்தம் இல்லையே, பதிவாகியிருக்கும். மெமரி டிஸ்க்லதான், ஆனா கரண்ட் போகலைன்னா இன்னும் இருக்கும். தவுக்கேவுக்கு போன் பண்ணேன். "யார் செத்தாலும் சவுண்ட் நிறுத்தாத அமோய், குருவி போயிடும்" அப்படின்னாரு பாவம், பொண்ணுங்களை அமோய்னுதான் கூப்பிடுவாரு, அழுதுக்கிட்டேதான் சொன்னாரு. அப்ப டப்பா ஓடிக்கிட்டுதான் இருக்கு. பென் டிரைவ் ஒன்னை எடுத்துக்கிட்டு காரை எடுத்துட்டேன். லேப்டாப்பை எடுக்கல. அது ஒன்னை நினைச்சு நான் எத்தனை நாள் தலையில அடிச்சுக்கிட்டேன் தெரியுமா? ஆனா எடுத்திருந்தா மட்டும்?

செகிஞ்சான் தாண்டும்போதே கடல் பக்கம் வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. முக்கா மணி நேரம் ஓட்டிப் போய் கதவைத் திறந்தேன். தரையைக் கழுவி விட்டிருந்தாங்க, அந்த இடத்துல மட்டும் இன்னும் ஈரம். நான் அதைப் பார்க்காம நேரா பக்கத்து சின்ன ரூமுக்குப் போனேன், அங்கதான் டப்பா, ஒரு சின்ன ஸ்கிரீன், கீபோர்டு. எத்தனை நாளா ஓடுதுன்னு கேட்டேன், இருபத்திரண்டு நாள்னு சொல்லுச்சு. ஒரு தடவை கூட அணையல. மெமரி டிஸ்க்குக்குள்ள போனேன். அந்தத் தேதியில, சாயங்காலம் போலிஸ் வந்த நேரத்துது போக, மத்தியானத்துல ஒரே ஒரு ஃபைல். ரெண்டு அம்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சிருக்கு. நாப்பத்தொரு நிமிஷம்.

நாப்பத்தொரு நிமிஷம்னா என்ன அர்த்தம்? சத்தம் அடங்கினா நின்னுரும்னு சொன்னேனே. விழுந்த உடனே போகல அவரு. நாப்பத்தொரு நிமிஷம் ஏதோ சத்தம் இருந்திருக்கு.

பென் டிரைவைச் சொருகினேன், டப்பாவுக்குத் தெரியவே இல்ல. அடுத்த ஓட்டையில சொருகினேன், பச்சை பூத்துப் போயிருக்கு, ஒன்னும் ஆகல. சரி கார்டுலயே எழுதிருவோம்னு அதை எழுத விட்டுப் பார்த்தேன், எழுத முடியாதுன்னு எர்ரர் மேல எர்ரர். நான்தானே அதைச் சாகக் கூடாதுன்னு மூடி வச்சேன், அது ஏற்கெனவே செத்துத்தான் கிடந்திருக்கு. இப்படியே பத்து நிமிஷம் ஓடிப்போச்சு. அப்ப ஒரு இடி. வெளிய எங்கயோ விழுந்த மாதிரி. கரண்ட் போச்சு.

ஸ்பீக்கர் எல்லாம் ஒரே நேரத்துல நின்னுச்சு. அந்த வீட்ல அந்தச் சத்தம் நின்னு நான் கேட்டதே இல்ல. மேல நிஜக் குருவிங்க மட்டும் டிக் டிக் டிக்னு. கரண்ட் கட்டுக்குன்னு வச்ச யுபிஎஸ் பேட்டரிதான் டப்பாவைத் தாங்குது, பீப் பீப்னு அடிக்குது, முப்பது நிமிஷம்னு காட்டுது. போனைப் பார்த்தா லைனே இல்ல, டவரும் போச்சு போல. லேப்டாப்பை எடுத்துட்டு வரப் போகவே முக்கா மணி நேரம். நாப்பத்தொரு நிமிஷ ஃபைலு, முப்பது நிமிஷ பேட்டரி. சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? எதுவும் செய்ய முடியாது. கேக்கத்தான் முடியும். போன்ல ரெக்கார்டரைப் போட்டு அந்த ஸ்கிரீன் ஸ்பீக்கர் கிட்ட வச்சுட்டு, ஃபைலை ஓட விட்டேன்.

விழுந்த சத்தத்தை நான் சொல்லப் போறதில்ல.

அப்புறம் ஒரு ரெண்டு நிமிஷம் குருவிங்கதான். அப்புறம் அண்ணன் முனகுறாரு. அப்புறம் "ரெஜி... ரெஜி தங்கச்சி" அப்படின்னு கூப்பிடுறாரு. நான் வாயைப் பொத்திக்கிட்டேன்.

"இருக்கேன்ணே. அசையாதீங்க."

நம்புனா நம்புங்க. அது என் குரல். நான் பேசலை, ஸ்பீக்கர்ல இருந்து வருது, அண்ணன் குரலை விட மைக்குக்குக் கிட்டக்க. என் குரலை நான் ஆயிரம் தடவை ரெக்கார்டிங்ல கேட்டிருக்கேன், டெஸ்ட் டெஸ்ட்னு பேசிப் பேசி, எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல நான் கோல சிலாங்கூர்ல அம்மா பக்கத்துல நம்பர் எப்ப கூப்பிடுவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்.

"எப்ப வந்த?" அண்ணன் கேக்குறாரு.

"இப்பதான்."

"அம்மாவப் பார்த்தாங்களா டாக்டரு?"

"பார்த்தாங்கண்ணே. சுகர் எட்டுக்கு வந்திருச்சு."

அம்மாவுக்கு எட்டுன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னதே மூனரை மணிக்கு மேலதான்.

"கால் இருக்கான்னே தெரியல ரெஜி. ஆம்புலன்ஸ கூப்பிடேன்."

நான் அந்த ஸ்கிரீனைப் பார்த்துக் கத்துறேன், கூப்பிடு, கூப்பிடுடி, அப்படின்னு, பைத்தியக்காரி மாதிரி. உள்ள என் குரல் சொல்லுச்சு, "என்னால முடியாதுண்ணே. கேக்க மட்டும்தான் முடியுது."

அண்ணன் ஏன்னு கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல. கோவப்படலை, பயப்படலை. "சரி லா. அப்ப பேசிக்கிட்டே இரு" அப்படின்னாரு.

பேசுனேன். பேசுச்சு. எப்படிச் சொல்றது? சபாக்ல ஒரு குருவி வீட்ல ஆந்தை புகுந்து ரெண்டு பேரும் விழுந்தடிச்சு ஓடினது, அண்ணன் மக பரீட்சை, தவுக்கே வாங்கிக் குடுத்த டுரியான் அழுகிப் போய் வேன் நாறினது, எல்லாம் பேசுது. அண்ணன் நடுநடுவுல ம்ம் கொட்டுறாரு. ஒரு தடவை சிரிச்சாரு கூட. ஒரு தடவை அவரு போன் அடிக்குது, ஏதோ உரசுற சத்தம், அடிக்கிறது நின்னுச்சு, "கல்யாணி" அப்படின்னாரு, ஆனா போனுக்குள்ள பேசுற மாதிரி இல்ல, எட்டல போல. "பேசிக்கிட்டுதான் இருக்கேன்ணே, கண்ணை மூடாதீங்க" அப்படின்னு என் குரல். கொஞ்சம் கொஞ்சமா ம்ம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இந்தப் பக்கம் பேட்டரி பீப் பீப்புன்னு வேகம் எடுக்குது. நான் பென் டிரைவை மறுபடி மறுபடி சொருகிப் பார்க்குறேன், வேற என்ன செய்ய, கை சும்மா இருக்க மாட்டேங்குது, விரல்ல ரத்தம் வந்துருச்சு. ஸ்கிரீன் அணைஞ்சப்ப இன்னும் பன்னண்டு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. என் குரல் ஒரு வார்த்தையோட நடுவுல நின்னுச்சு.

கடைசிப் பன்னண்டு நிமிஷம் என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, இனிமே தெரியவும் போறதில்ல.

அந்த இருட்டுலயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்துச்சு, டப்பா எழுந்துச்சு, ஸ்பீக்கர் எல்லாம் கத்த ஆரம்பிச்சுது. உள்ள போய் ஃபோல்டரைப் பார்த்தேன். காலி. எப்படி இருக்கணுமோ அப்படி.

போன்ல பதிஞ்சிருக்குமேன்னு கேப்பீங்க. எனக்கும் அந்த நம்பிக்கைதான். வர்ற வழியில தாலி ஆயர் வாய்க்கா ஓரமா, வயக்காட்டுப் பக்கம் காரை நிறுத்திட்டுப் போட்டுக் கேட்டேன். பேட்டரி பீப் இருக்கு. மழை இருக்கு. குருவி இருக்கு. அண்ணன் குரல் இல்ல. ஒரு வார்த்தை கூட இல்ல. என் குரல் மட்டும் இருக்கு, "இருக்கேன்ணே, அசையாதீங்க", அப்புறம் இடைவெளி, "இப்பதான்", அப்புறம் இடைவெளி, "பார்த்தாங்கண்ணே, சுகர் எட்டுக்கு வந்திருச்சு". ஆந்தை, பரீட்சை, டுரியான், எல்லாம். நான் கத்தினது எதுவும் அதுல இல்ல. சத்தியமா சொல்றேன் நான் அந்த ரூம்ல அப்படி ஒரு வார்த்தை பேசலை. ஆனா காருல உட்கார்ந்து "ஐயோ"ன்னு சொல்லப் பார்த்தேன், குரல் வரல, தொண்டை கட்டிப் போயிருந்துச்சு. அரை மணி நேரம் விடாமப் பேசினா கட்டுமே, அந்த மாதிரி.

அதை அங்கயே அழிச்சுட்டேன். பயத்துல. அழிச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு நாள் தோணும், அழிச்சதுதான் சரின்னு மறுநாள் தோணும்.

வீட்டுக்குப் போக முடியல. நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருக்கு, ஷாமியானா பிரிக்கல, நாற்காலி எல்லாம் அடுக்கிக் கிடக்கு. கல்யாணி அண்ணி வாசல்ல தனியா உட்கார்ந்திருந்தாங்க. விரட்டுவாங்கன்னு பார்த்தேன், விரட்டலை. நான் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறேன், அவங்களே பேசினாங்க.

"அன்னைக்கு மூனேகால் இருக்கும், வரும்போது கருவேப்பில வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு அவருக்கு அடிச்சேன். எடுத்தாரு, ஆனா பேசலை. நீ பேசுறது கேட்டுச்சு. பேசிக்கிட்டுதான் இருக்கேன்ணே, கண்ணை மூடாதீங்கன்னு. வேலையில தூங்கி வழியிறாரு போலன்னு நான் சிரிச்சுக்கிட்டே வச்சுட்டேன் ரெஜி."

நான் பக்கத்துலயே தரையில உட்கார்ந்துட்டேன்.

"கூடவே இருந்துட்டு ஏன் ஒருத்தருக்கும் சொல்லலைன்னு உன் மேல அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு. போலிஸ்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் அவங்க பேசிக்கிறாங்க, நீ கிளினிக்ல இருந்தியாம், கார்டு இருக்காம். இருக்கட்டும். நான் கேட்ட குரல் எனக்குத் தெரியும்."

ஹேண்ட்பேக்ல அந்தக் கார்டு இருக்கு. முத்திரை இருக்கு, நேரம் இருக்கு. எடுத்துக் காட்டி, அண்ணி நான் அங்க இல்லன்னு சொல்லணும். சொல்றதுக்கு என்கிட்ட இருந்த நிஜம் அது ஒன்னுதான். சொன்னா, அப்ப அவரு தனியாத்தான் செத்தாருன்னு ஆகுது. சொல்லலைன்னா, நான் பார்த்துக்கிட்டே விட்டுட்டேன்னு ஆகுது. நான் ஜிப்பைத் திறக்கவே இல்ல.

"பயந்தாரா?"

"இல்ல அண்ணி. ஒரு தடவை சிரிச்சாரு."

"கையப் புடிச்சுக்கிட்டியா?"

"புடிச்சுக்கிட்டேன்." எப்படி வந்துச்சு அந்த வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. அதோட நின்னிருந்தா ஆறுதலுக்குப் பொய் சொன்னேன்னு நானே எனக்குச் சொல்லிக்கலாம். ஆனா வாய் நிக்கல. "இடது கைய. சூடா இருந்துச்சு. விரல் எல்லாம் சிமெண்டுத் தூசியும் எச்சமுமா இருந்துச்சு, நகத்துக்குள்ள கூட, என் துப்பட்டாவால துடைச்சு விட்டேன்."

அண்ணி என் கையை எடுத்து அவங்க மடியில வச்சுக்கிட்டாங்க.

"ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தப்ப நான்தான் துணியை நனைச்சு அவரு கையத் துடைச்சேன்" அப்படின்னாங்க. "வலது கையில அழுக்கு போகவே இல்ல, அப்படித் தேய்ச்சேன். இடது கையில துடைக்க ஒன்னுமே இல்ல."